எங்கள் வர்ணனையாளர் அண்ணனைப் பற்றி

உள்ளூர் விளையாட்டு வர்ணனையாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். காரைக்குடிப் பக்கம் கேபிள் டிவியில் நான் கேமரா பிடித்த வருஷங்களில் எங்களோடு ஓர் அண்ணன் மைக் பிடிப்பார், அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தை மூணாம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு, அப்புறம் மாட்டுவண்டிப் பந்தயம், கபடி, எதுவானாலும் அவர் குரல்தான். தொழுவை விட்டு வெளியே வந்த மாடு ஓடாமல் அப்படியே நின்றுவிட்டால், "மாப்பிள்ளை வெட்கப்படுறார், யாரும் அவரைப் பாக்காதீங்கப்பா" என்பார். பொட்டல் முழுக்கச் சிரிக்கும், மாட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். யாரையும் புண்படுத்தி ஒரு வார்த்தை வராது. பந்தயத்தில் கடைசியாக வரும், சின்ன மாடுகள் பூட்டிய பூஞ்சிட்டு வண்டிக்கும் ஊர்ப்பெயரைச் சொல்லி, சாரதியைப் பாராட்டி, எல்லையைத் தொடும் வரை பேசிக்கொண்டே இருப்பார். ஜெயித்த வண்டியைப் பற்றி எல்லோரும்தான் பேசுவார்கள், இல்லையா?

ஒருமுறை மாடு முட்டி ஒரு பையன் விழுந்தான், நான் கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, வேற பக்கம் திருப்பு, அவங்க அம்மா வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். சட்டென்று திருப்பிவிட்டேன். 2014-இல் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தபோது மஞ்சுவிரட்டும் நின்றது, 2017-இல் சட்டம் வந்து திரும்ப நடந்தபோது மைக்கைக் கையில் வாங்கியவருக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, கண் கலங்கி நின்றார். இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன், ஆனால் பொங்கல் முடிந்தால் அவர் குரலைக் கேட்கவே சிராவயலுக்குப் போய்விடுவேன்.