மூக்கைப் பொத்துறதுக்கு முன்னாடி

நேத்து ஒரு நேரலை நடந்துச்சு, பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். கழிவுநீர்ல இருந்து அமிலம் எடுக்கிறதைப் பத்தி ஒரு பொண்ணு பேசி முடிக்கலை, "அப்போ அதைக் குடிக்கச் சொல்வீங்களா?"ன்னு ஒரு பெரிய மனுஷர் கேட்டார். கூட்டமே சிரிச்சுது. நெறியாளரும்தான்.

சிரிச்சு முடிச்சாச்சா? இப்போ கேளுங்க. சாக்கடைக் கசடு, அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சுற சேறு, ஒரு மூலப்பொருள். காத்துப் புகாத தொட்டியில அடைச்சா நுண்ணுயிரிகள் அதைப் படிப்படியா உடைக்கும். நடுவுல அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் வரும், கடைசியிலதான் மீத்தேன். மீத்தேன் உண்டாக்குற உயிரிகள் மெதுவா வளர்றவை. கசடைச் சில நாள்லயே வெளியேத்திட்டா, அதுங்க பெருகுறதுக்குள்ள அடிச்சுக்கிட்டுப் போயிடும், அமிலம் தங்கும். அந்த அமிலத்தைத் தின்னு, நாம கொழுப்பு சேர்க்கிற மாதிரி, மக்கக்கூடிய பிளாஸ்டிக்கை உடம்புல சேர்த்து வைக்கிற பாக்டீரியாவே இருக்கு. இதுல குடிக்கிற பேச்சு எங்கே வந்துச்சு?

"கட்டுப்படியாகுமா?"ன்னு கேட்டா அது கேள்வி. அமிலம் ரொம்ப நீர்த்துக் கிடக்கும். அசிட்டிக் அமிலம் கொதிக்கிறது 118 டிகிரியில, அதுக்கு முன்னாடி தண்ணி மொத்தமும் ஆவியாகணும். காய்ச்சிப் பிரிச்சா எரிபொருள் செலவே முழுங்கிடும். ஆனா பிரிச்சே ஆகணுமா என்ன? கழிவுநீர்ல இருந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் நீக்குற பாக்டீரியாவுக்குத் தீனியா கார்பன் வேணும். அதுக்காக, கார்பன் உள்ள மெத்தனாலை விலைக்கு வாங்கி ஊத்துற சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கு. சொந்தக் கசடையே நொதிக்க வெச்சு அந்த அமிலத்தை அங்கேயே கொடுக்கிற நிலையங்களும் இருக்கு. "கிருமி இருக்குமே, கன உலோகம் இருக்குமே"ம்பாங்க. இருக்கும். சாப்பாட்டுக்கா கேட்டோம்? மூலப்பொருள்னுதானே சொல்றோம்!

நானும் இந்த வேலை பார்த்தவதான். பியூட்டிரிக் அமிலம் ஒரு சொட்டு சட்டைக் கைல பட்டாப் போதும், ஊசிப்போன வெண்ணெய் வாடை, துவைச்சாலும் போகாது. ஒருநாள் லிஃப்ட்ல ஏறினேன். உள்ள இருந்த ரெண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு அடுத்த மாடியிலேயே இறங்கிட்டாங்க. அவங்க போக வேண்டிய மாடி அது இல்லை, பட்டன்ல விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

1669-ல ஹென்னிக் பிராண்ட்ங்கிற ஜெர்மன் ரசவாதி தங்கம் தேடி, அழுக விட்ட மூத்திரத்தைக் காய்ச்சப்போய் பாஸ்பரஸ் கிடைச்சுது. அவர் பேரு பாடப்புத்தகத்துல. இந்தப் பொண்ணு பேசினா மட்டும் காமெடியா?

தினமும் ஃபிளஷ் பண்ணிட்டுக் கதவைச் சாத்திடுறீங்க. அதுக்கப்புறம் அதைக் கையாளுறது யாரு? மனுஷங்கதானே? அவங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற அதே ஆளுங்கதான் மேடையில சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கிறாங்க.

"நகைச்சுவையா எடுத்துக்கோங்க தோழி"ன்னு யாரும் கமெண்ட்டுக்கு வர வேண்டாம். வந்தா பிளாக்தான், விளக்கமெல்லாம் கிடையாது.