கடல் தண்ணீரில் முட்டை மூழ்கும்

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று நம் பிள்ளைகள் எல்லாரும் படித்திருக்கிறார்கள். பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு குடம் கடல் தண்ணீர் மொண்டு வந்து, புது முட்டை ஒன்றை அதில் விட்டுப் பாருங்கள். நேரே அடியில் போய் உட்காரும். "டீச்சர், முட்டை கெட்டுப்போச்சா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் பதறிப்போய் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு முட்டையை மிதக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த அவசரத்தில் போவது ஒரு வருடத்தின் மிக நல்ல அறிவியல் வகுப்பு.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், இதன் அடர்த்தி ஏறக்குறைய 1.025. புது முட்டையின் அடர்த்தி 1.08 பக்கம். மூழ்கத்தானே செய்யும்? "உப்பு இருந்தால் மிதக்கும்" என்பது பாதி உண்மை. "எவ்வளவு உப்பு இருந்தால்?" என்று கேட்கும்போதுதான் அது அறிவியல் ஆகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நாம் நடத்தும் எல்லாப் பாடத்திலும் இந்த "எவ்வளவு" விடுபட்டுப் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

வகுப்பை இப்படி நடத்தலாம். நாற்பது பிள்ளைகள் என்றால் எட்டுக் குழு. குழுவுக்கு ஒரு அகன்ற வாய் ஹார்லிக்ஸ் பாட்டில், அரை லிட்டர் கடல் தண்ணீர், ஒரு முட்டை, பத்துப் பத்து கிராமாக நிறுத்து மடித்த கல் உப்புப் பொட்டலம் ஆறு. முட்டையைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: முட்டை என்ன ஆகும், ஏன். பென்சிலில் வேண்டாம், பேனாவில். மூன்று நிமிடம் போதும். கையைத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பிள்ளை கையைத் தூக்கினால் மீதிக் கைகளும் கூடவே எழும்பும். எழுதியதை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, தப்பாக எழுதியதற்கு மார்க் குறைக்கக் கூடாது. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால்தான் உண்மையாக எழுதுவார்கள்.

பிறகு முட்டையைக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். மூழ்கும். வகுப்பு சத்தம் போடும். விளக்கம் சொல்லாமல் விடுங்கள். முட்டையை வெளியே எடுத்து, ஒரு பொட்டலம் உப்பைப் போட்டு, முழுவதும் கரையும்வரை கலக்கி, மறுபடி இறக்க வேண்டும். அடுத்த பொட்டலம், அடுத்தது. நான்காவது ஐந்தாவது பொட்டலத்தில்தான் மாற்றம் தெரியும். இரண்டு மூன்று நாள் ஆன முட்டையாக இருந்தால் அடியிலேயே அகன்ற முனை மேலே பார்க்க எழுந்து நிற்கும். அந்த முனையில்தான் காற்றறை இருக்கிறது. அப்புறம் தரையை விட்டு மேலே வரும், கடைசியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓடு தண்ணீருக்கு வெளியே தெரியும்.

தப்பு நடக்கிற இடங்கள் சில உண்டு. கல் உப்பு கரைய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அரைகுறையாகக் கலக்கினால் அடியில் கெட்டியான கரைசலும் மேலே லேசான தண்ணீருமாகப் பிரிந்து, முட்டை நடுவிலே நிற்கும். பார்க்க அழகு, ஆனால் கணக்கு தப்பிவிடும். பழைய முட்டையில் காற்றறை பெரிதாகியிருக்கும், அதனால் சீக்கிரமே மிதந்துவிடும். எட்டுக் குழுவுக்கும் ஒரே நாள் முட்டையாக வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துப் போர்த் தண்ணீரை எடுக்காதீர்கள். நம் கரையோரத்தில் பாதி ஊரில் அதுவே உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீரை எடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகளே "சார், உப்புத் தண்ணி கனமா இருக்கு" என்பார்கள். அந்தச் சொல் அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகுதான் கரும்பலகையில் "அடர்த்தி" என்று எழுத வேண்டும். முதலிலேயே வரையறையை எழுதிப்போட்டால் அது பரீட்சைக்கு மட்டும் பயன்படும். வலையில் மிதவையும் ஈயக்குண்டும் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு எது மிதக்கும், எது அமிழும் என்பது கைப்பழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் வைப்பதுதான் நம் வேலை.

ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் இதையே ஒரு படி மேலே கொண்டுபோய் அடர்த்திமானி செய்ய வைக்கலாம். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019 முதல் தமிழ்நாட்டில் தடை, காகித ஸ்ட்ரா ஊறிவிடும். தீர்ந்துபோன பேனாவின் வட்டமான கூடு நல்லது. பக்கத்தில் சின்னத் துளை இருந்தால் அதை அடைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். கீழ்முனையை மெழுகாலோ எம்-சீலாலோ அடையுங்கள். களிமண் கரைந்துவிடும். உள்ளே சின்ன ஆணிகளைப் போட்டு, நல்ல தண்ணீரில் 10 செ.மீ. மூழ்கி நேராக நிற்கும்வரை எடையைச் சரிசெய்ய வேண்டும். வீட்டிலிருந்து தூண்டில் ஈயத்தைக் கொண்டுவருவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈயம் பிள்ளைகள் கையில் புழங்கக் கூடாத பொருள்.

இந்தக் கருவி கடல் தண்ணீரில் வெறும் இரண்டரை மில்லிமீட்டர்தான் மேலே எழும்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் "சோதனை வேலை செய்யவில்லை" என்று தோன்றும். கூட்டில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழோ, பாட்டில் சுவரில் உரசுவதோ அந்த இரண்டரை மில்லிமீட்டரை விழுங்கிவிடும். அதனால் லிட்டருக்கு 70, 140, 280 கிராம் என்று கரைசல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 4, 8, 14 மில்லிமீட்டர் எழும்பும். வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்த பிறகு கடல் தண்ணீருக்கு வந்தால், அந்தச் சின்ன அளவு ஏன் சின்னது என்பது தானாகப் புரியும்.

ஆவியாக்கலும் இப்படித்தான். அரை லிட்டர் கடல் தண்ணீரை எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி மாடியில் வைத்தால் சுமார் 17 கிராம் உப்பு வர வேண்டும். பிள்ளைகளுக்கு 20 வரும். மணல் கலந்திருக்கலாம், முன்னதாக வடிகட்டுங்கள். பெரிய காரணம் மக்னீசியம் உப்பு. அது நம் கடற்காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நிறுக்க நிறுக்க எடை கூடும். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால்தான் 100 மில்லி வைத்துச் செய்யக் கூடாது. மூன்றரை கிராமில் ஒரு கிராம் பிழை என்றால் என்ன மிஞ்சும்?

மணல் சீக்கிரம் சூடேறும், தண்ணீர் மெதுவாகச் சூடேறும் என்று கடற்காற்றுப் பாடத்தில் காட்டும்போது, கரையிலிருந்து அள்ளிய ஈர மணலையே வைத்துவிடுகிறார்கள். ஈரம் ஆவியாவதில் வெப்பம் போய், மணல் சூடேறாமல் கிடக்கும். முதல் நாளே காயப்போட வேண்டும்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே, பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25தானே" என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் முட்டைச் சோதனை ஒரே பாடவேளையில் முடிந்துவிடும், முட்டைச் செலவு நூறு ரூபாய்க்குள். மாதத்துக்கு ஒரு பாடவேளை இப்படிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற தமிழக அரசுத் திட்டம் ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைகளைக் கொண்டுவருகிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. வருகிறவர் செய்து காட்டிவிட்டுப் போன பிறகு, அதே சோதனையில் அளவை மாற்றிப் பிள்ளைகளைச் செய்ய வைப்பது வகுப்பாசிரியரின் கையில்தான் இருக்கிறது.

முடிந்தால் வாலிநோக்கம் உப்பளத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். அங்கே டிகிரி என்றால் சூடு அல்ல, தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு. கடலிலிருந்து மூன்று டிகிரியில் ஏறுகிற தண்ணீர், பாத்தி பாத்தியாகக் காய்ந்து 25 டிகிரி பக்கம் வரும்போதுதான் உப்பு விளையும். 29, 30க்கு மேல் போனால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும் என்று மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். அங்கே இருக்கும் கண்ணாடி டிகிரிமானியும் பிள்ளைகள் செய்த பேனாக்கூடும் ஒரே கருவிதான். தங்கள் பேனாக்கூட்டைக் கையோடு எடுத்துப்போய், வேலை செய்கிற பெரியவரிடம் "ஐயா, இந்தப் பாத்தியில இப்ப எத்தனை டிகிரி?" என்று கேட்டுவிட்டு, தங்கள் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று அவர் கண்முன்னாலேயே இறக்கிப் பார்க்கட்டும்.