ஆய்வேடு வார்டுக்குள் போக வேண்டுமானால்

நர்சிங் துறையில் வந்த பிஎச்.டி. ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் ஷோத்கங்கா இணையத்தளத்தில் கொஞ்ச நேரம் புரட்டிப் பாருங்கள். ‘இன்னது குறித்த அறிவில் திட்டமிட்ட கற்பித்தலின் பயன்’ என்ற தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முன்தேர்வு, ஒரு வகுப்பு, ஏழு நாள் கழித்துப் பின்தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும், பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்திருக்கும், அதாவது இந்த மாற்றம் தற்செயல் அல்ல என்று புள்ளியியல் சொல்லும். பாடம் நடத்திய வாரத்தில் மதிப்பெண் கூடத்தானே செய்யும்! பட்டம் கிடைத்துவிடுகிறது. படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அந்த ஆய்வேட்டில் பதில் இருக்காது.

இதில் ஆய்வு மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எதை அளக்கப் போகிறோம் என்பது, தொடக்கத்தில் கொடுக்கும் ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தில் நெறியாளர் பிடித்து நிறுத்த வேண்டும்: அறிவை அளக்காதே, செய்கையை அள.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் அளவுகோலில் ஆறு கூறுகள், மொத்த மதிப்பெண் 6 முதல் 23 வரை. 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து உண்டு. எந்த ஸ்டாஃப் நர்ஸைக் கேட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று சரியாகச் சொல்வார். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெரியவரை யார் திருப்பினார்கள் என்பதுதான் ஆய்வுக்கான கேள்வி.

அதற்கு முதல் வேலை, எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் பார்ப்பது. நெறிமுறைக் குழு அனுமதியும் வார்டு பொறுப்பு சிஸ்டரின் சம்மதமும் வாங்கிக்கொண்டு, மூன்று ஷிஃப்டிலும், நோயாளி எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். பிறகு, திருப்பிய நேரத்தை நர்ஸ்கள் குறிக்கும் சார்ட்டை எடுத்து ஒப்பிடுங்கள். ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பிய சார்ட் எது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, ஏன் திருப்பவில்லை என்று கேளுங்கள். தூக்க இன்னொரு ஆள் இல்லை, முதுகுக்கு அண்டை கொடுக்கத் தலையணை இல்லை, மூக்குக் குழாய் கழன்றுவிடுமோ என்று உடனிருப்பவர் தொடப் பயப்படுகிறார். இவற்றில் எதற்கும் வகுப்பு மட்டும் மருந்தாகாது. ஒன்றுக்குத் தலையணை வாங்க வேண்டும். இன்னொன்றுக்கு, குழாயை எப்படிப் பிடித்துக்கொண்டு திருப்புவது என்று உடனிருப்பவரின் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

வகுப்பைத் தாண்டி என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு நூறுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் செய்த வேலை 2006-இல் வெளியானது. மத்திய சிரைக் குழாய் (பெரிய இரத்தக் குழாய்க்குள் செருகும் குழாய்) வழியாக வரும் தொற்றின் இடைநிலை விகிதம், ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்று இருந்தது, மூன்று மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. பலரும், குழாய் செருகும்போது பின்பற்றிய ஐந்து அம்சப் பட்டியலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேவையான பொருள் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் இருந்ததையும், மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டதையும் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் நம் ஆய்வாளர்கள் கற்க வேண்டியது அந்த இரண்டைத்தான்.

கருவி விஷயத்திலும் கவனம் தேவை. புதிதாக ஒரு படிவம் அச்சடித்து நீட்டினால், ஆய்வாளர் கிளம்பிய மறுவாரம் அது அலமாரிக்குள் போய்விடும். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் ரெஜிஸ்டரிலேயே ஒரு கட்டம் சேர்த்து ‘இடம், வலம், மல்லாக்க’ என்று குறிக்க வைத்தால் நிலைக்க வாய்ப்பு அதிகம். அதையும் விளக்கம் சொல்லாமல் ஒரு நைட் ட்யூட்டி சிஸ்டரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே திருத்த வேண்டும்.

பெரிய கோளாறு இன்னொன்று. ஆய்வாளரே தினமும் வந்து எல்லாவற்றையும் செய்வார், எண்கள் அழகாக வரும், அவர் போனதும் வார்டு பழையபடி ஆகிவிடும். அதனால் முதல் சில வாரங்களிலேயே பொறுப்பை வார்டின் கையில் கொடுத்துவிட்டு விலக வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்து மறுபடி அளக்க வேண்டும். நோயாளியைத் திருப்பிய எண்ணிக்கை குறைந்திருக்கலாம். குறைந்த அந்த எண்ணையும் அதன் காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதுபவரைத் தேர்வாளர்கள் மதிக்க வேண்டும். அதைக் காட்டி ஆய்வேட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

நேரமில்லை என்பார்கள். யூ.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டாயமாகக் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற தேசிய அளவிலான நிபந்தனையும் அதில் எடுக்கப்பட்டுவிட்டது. வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகச் செய்யவும் வழி உண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு கூடித்தானே ஆக வேண்டும்? அந்தக் கூட்டத்துக்கு, பணியில் இருக்கும் ஒரு நர்சிங் கண்காணிப்பாளரையும் அழையுங்கள். புள்ளியியலில் யாருக்கும் தோன்றாத கேள்வியை அவர் கேட்பார்: “இதை எந்த ஷிஃப்டில், யார் செய்வாங்க?”

வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு, தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று வார்டுக்குப் போக வேண்டும். கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட நிலையாணையாக அது இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் மாறுதலில் போய்விடுவார்கள். புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரத்தில் அதைச் சொல்லிக்கொடுப்பது யார் என்று, பதவியின் பெயரோடு, அந்த ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும்.