கோப்பைக்கான ஆட்டம் சொந்த ஊரில் நடக்கட்டும்

எங்கள் ஊர் பேஸ்பால் அணியான கொலம்பஸ் க்ளிப்பர்ஸ் ஆட்டம் பார்க்க ஹண்டிங்டன் பார்க்குக்குப் போக ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒன்று பிடிபடவே இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டு ஹோம் ரன் அடித்த பையனை சனிக்கிழமை காணோம். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். மடியில் ஸ்கோர் நோட்டு வைத்து பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தவர், "மேலே போய்விட்டான்" என்று பென்சிலை வடகிழக்குப் பக்கம் நீட்டினார். அதாவது க்ளீவ்லாண்டுக்கு, மேஜர் லீகுக்கு. அவர் முகத்தில் பெருமையும் இருந்தது, இன்றைக்கு மூன்றாவதாக யார் பேட் பிடிக்கப்போகிறார்கள் என்ற கவலையும் இருந்தது.

மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் மைனர் லீகான ட்ரிபிள்-ஏ என்றால் இதுதான். நன்றாக ஆடுபவன் போய்விடுவான். அப்படிப்பட்ட லீகில் சாம்பியன்ஷிப் யாருடையது? வீரர்களுடையது என்று முழுசாகச் சொல்ல முடியாது, பாதிப் பேர் அப்போது வேறு ஊரில் இருப்பார்கள். என்னைக் கேட்டால் அது ஊருடையது. அதனால்தான் 2021-க்குப் பிறகு, க்ளிப்பர்ஸ் ஆடும் இன்டர்நேஷனல் லீகின் சாம்பியன்ஷிப்புக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

கொஞ்சம் பழைய கதை. 1884-இல் வேர்விட்ட லீக் இது. 1919 முதல் 1925 வரை பால்டிமோர் ஓரியோல்ஸ் தொடர்ந்து ஏழு வருஷம் முதலிடம். காரணம் ஜாக் டன் என்ற முதலாளி. மேஜர் லீக் அணிகள் கேட்டாலும் தன் ஆட்களை லேசில் விற்கமாட்டார். லெஃப்டி க்ரோ என்ற பந்துவீச்சாளரை ஐந்து சீசன் கையில் வைத்திருந்து, அப்புறம்தான் 1,00,600 டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார். வீரர்களின் ஒப்பந்தம் மேலே உள்ள மேஜர் லீக் அணியின் கையில் இருக்கும் இந்தக் காலத்தில் அப்படி ஒரு அணி முளைக்கவே வழியில்லை.

1933-இல் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, மான்ட்ரியால் அணியின் ஃப்ராங்க் ஷாக்னெஸி ஒரு யோசனை சொன்னார். முதலிடம் பிடித்தவனுக்கே பட்டம் என்று விட்டால் ஆகஸ்டிலேயே மற்ற ஊர்க்காரர்கள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், முதல் நான்கு அணிகளையும் பிளே-ஆஃப் ஆட விடுவோம் என்றார். கவர்னர்ஸ் கோப்பை அப்படிப் பிறந்தது. முதல் வருஷம் அதை எடுத்தது யார் தெரியுமா? ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாக இருந்த பஃபலோ பைசன்ஸ். முதலிடத்தில் முடித்த நியூவார்க் பேர்ஸ் முதல் சுற்றிலேயே காலி. அநியாயம் என்று அப்போதே பலர் கத்தினார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. பஃபலோக்காரன் செப்டம்பரிலும் டிக்கெட் வாங்கினான் அல்லவா, அதற்குத்தானே அந்த ஏற்பாடு!

அதே நியூவார்க் 1937-இல் திரும்பி வந்தது. 109 வெற்றி, 43 தோல்வி. சார்லி கெல்லர், ஜோ கார்டன் எல்லாம் இருந்த, மேஜர் லீகின் யாங்கீஸுடைய கிளை அணி. லீக் கோப்பையை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வாங்கிவிட்டு, இன்னொரு மைனர் லீகின் சாம்பியனோடு ஆடும் ஜூனியர் வேர்ல்ட் சீரிஸில் எங்கள் கொலம்பஸின் அன்றைய ரெட் பேர்ட்ஸ் அணியோடு மோதினார்கள். சொந்த மண்ணில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. பிறகு கொலம்பஸுக்கு வந்து வரிசையாக நான்கும் ஜெயித்துப் பட்டத்தைத் தூக்கிப்போனார்கள். எங்கள் ஊருக்குக் கசப்பான கதைதான், ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு ஒரே ஆட்டம் என்று வைத்திருந்தால், மைனர் லீகின் மிகச்சிறந்த அணி என்று இன்றும் பலர் சொல்லும் அந்த நியூவார்க், சொந்த ஊரில் தோற்ற அணியாக மட்டும் ஏட்டில் நின்றிருக்கும்.

1946-ஐச் சொல்லாமல் விட முடியாது. 1887 ஜூலையில் இதே லீகின் நிர்வாகிகள் பஃபலோவில் கூடி, இனி கறுப்பின வீரர்களை ஒப்பந்தம் செய்வதில்லை என்று ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். 59 வருஷம் கழித்து, அதே லீகில் மான்ட்ரியால் ராயல்ஸுக்காக ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் இறங்கினார். ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டியில் முதல் ஆட்டத்திலேயே நான்கு ஹிட், அதில் ஒன்று மூன்று ரன் ஹோம் ரன். சீசன் முழுக்க .349 பேட்டிங் சராசரி. ராயல்ஸ் 100 ஆட்டம் ஜெயித்தார்கள். ஜூனியர் வேர்ல்ட் சீரிஸ் லூயிவில்லில் தொடங்கியது. அங்கே கூட்டம் அவரை ஏசித் தீர்த்தது, அவர் பேட்டும் ஓடவில்லை, மூன்றில் இரண்டு ஆட்டம் போனது. மான்ட்ரியால் ரசிகர்கள் இதையெல்லாம் கேள்விப்பட்டுக் காத்திருந்தார்கள். லூயிவில் வீரன் ஒவ்வொருவன் இறங்கும்போதும் மைதானமே கூச்சல் போட்டது. ராயல்ஸ் மூன்று ஆட்டமும் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் கலையவில்லை. உடை மாற்றி வெளியே வந்த ராபின்சனைக் கட்டிப்பிடித்து, தோளில் தூக்கி, அவர் தப்பித்து ஓட, தெருவில் பின்னாலேயே ஓடினார்கள். அவ்வளவும் பாசத்தில். ஒரு ஊர் தன் ஆளுக்காக எழுந்து நின்ற இரவு அது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மைதானத்தில் அது எப்படி நடந்திருக்கும்?

அப்புறம் 1959, ஹவானா ஷுகர் கிங்ஸ். கியூபப் புரட்சியின் ஜூலை 26 கொண்டாட்டத்தில் நள்ளிரவில் ஊரே வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹவானாவின் லியோ கார்டெனாஸ் மீதும் எதிரணி ராச்செஸ்டரின் மூன்றாவது பேஸ் கோச் ஃப்ராங்க் வெர்டி மீதும் குண்டுகள் உரசின. வெர்டி தொப்பிக்குள் பிளாஸ்டிக் உறை வைத்திருந்ததால் பிழைத்தார். ராச்செஸ்டர் அடுத்த நாள் ஆட மறுத்துக் கிளம்பிவிட்டது. அந்த வருஷம் மூன்றாவது இடத்தில் முடித்த ஹவானாதான் கோப்பையை எடுத்தது. ஜூனியர் வேர்ல்ட் சீரிஸில் மினியாபோலிஸ் குளிர் தாங்காமல் கடைசி ஐந்து ஆட்டமும் ஹவானாவுக்கு மாற்றப்பட்டன. காஸ்ட்ரோ வந்து உட்கார்ந்து பார்த்தார். ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-2 என்று ஹவானா ஜெயித்தது. அடுத்த ஜூலையில் அணியையே ஜெர்சி சிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸை ஹவானாவிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2019-இல் க்ளிப்பர்ஸ் டர்ஹாமை வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள். 2020 சீசன் கொரோனாவில் போனது. 2021-இல் மேஜர் லீக் நிர்வாகம் மொத்தத்தையும் கையில் எடுத்து, அத்தனை வருஷப் பெயரையே எடுத்துவிட்டு 'ட்ரிபிள்-ஏ ஈஸ்ட்' என்று ஏதோ கிடங்குக்கு வைப்பதுபோல் வைத்தது. 2022-இல் பெயர் திரும்பியது. ஆனால் அந்த வருஷம் லீக் சாம்பியனைத் தீர்மானித்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் லாஸ் வேகஸில். டர்ஹாமும் நாஷ்வில்லும் ஆட, இரண்டு ஊர்க்காரர்களும் டிவியில் பார்த்தார்கள்.

2023 முதல் கொஞ்சம் பரவாயில்லை. சீசனின் முதல் பாதியில் ஜெயித்த அணியும் இரண்டாம் பாதியில் ஜெயித்த அணியும் மூன்று ஆட்டத் தொடரில் மோதுகின்றன. அதன் பிறகு, இன்னொரு ட்ரிபிள்-ஏ லீகின் சாம்பியனோடு தேசியப் பட்டத்துக்கு மறுபடியும் லாஸ் வேகஸில் ஒற்றை ஆட்டம். இந்தப் பாதிக் கணக்கு எனக்கு ஒப்பவே இல்லை. ஜூனில் முதல் பாதியை ஜெயித்துக் கொடுத்தவர்களில் பலர் செப்டம்பரில் மேஜர் லீகில் இருப்பார்கள், பெயர் மட்டும்தான் அதே அணி. ஜூலையில் இடம் உறுதியானவனுக்கு ஆகஸ்டில் எதற்கு வேகம்? 2024-இல் முதல் பாதியை ஜெயித்த ஒமாஹாவிடம் இரண்டாம் பாதியை ஜெயித்த எங்கள் அணி தோற்றது. தோற்றதற்காக இதை எழுதவில்லை, ஜெயித்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

20 அணி இருக்கிறது. முழு சீசன் கணக்கில் நான்கு அணியை எடுங்கள். 2019 வரை இருந்ததுபோல ஐந்து ஆட்டத் தொடர் வையுங்கள், இரண்டு ஊரிலும். செலவு, பயணம், வீரர்களின் ஓய்வு என்று காரணம் சொல்வார்கள், தெரியும். 1933-இல் கையில் காசே இல்லாத காலத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெரியவரின் ஸ்கோர் நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு சீசனும் ஒரு நோட்டாம். போன வருஷ நோட்டில் கடைசியாகப் பத்துப் பன்னிரண்டு பக்கம் வெறுமையாக இருந்தது. பிளே-ஆஃபுக்கு என்று விட்டு வைப்பாராம்.