ஐந்தாவது இன்னிங்ஸோடு பந்தைப் பிடுங்காதீர்கள்

போன சனிக்கிழமை ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்ததும் எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஸ்கோர் 1-0, நாங்கள்தான் முன்னிலை. எங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அதுவரை 71 பந்துதான் வீசியிருந்தார். ஒரு ஹிட், ஒரு வாக் (நான்கு தப்பான பந்துக்காகப் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது), எட்டு ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது). மேனேஜர் கையை நீட்டினார், பந்தை வாங்கிக்கொண்டார், முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்த என் பதினோரு வயது மகள் நிமிர்ந்து, "ஏம்ப்பா, அவருக்கு அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

அடிபடவில்லை. சோர்ந்தும் போகவில்லை. எதிரணியின் முதல் பேட்டர் மூன்றாவது முறையாக ஆட வருகிறார், மூன்றாவது முறை பேட்டர்கள் நன்றாக அடிப்பார்கள் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான் காரணம். அடுத்து வந்த பிட்சர் வாக் கொடுத்தார், அடுத்த பந்திலேயே ஹோம் ரன் கொடுத்தார். 5-1 என்று தோற்றோம். அவர் வீசும் நாள் எது என்று பார்த்து, அதற்காகவே டிக்கெட் வாங்கியிருந்தேன். வண்டி நிறுத்த மட்டும் 40 டாலர். பணம் போகட்டும். அந்தக் கை எப்படிச் சுழல்கிறது, ஒரே பேட்டரை மூன்றாவது முறை சந்திக்கும்போது என்ன புதிதாகச் செய்கிறது என்று என் பெண் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுடைய அட்டையில் ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல் கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

இது ஒரு நாள் கதை என்றால் விட்டுவிடுவேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டால் தினமும் இதே காட்சிதான். அபாரமாக வீசிக்கொண்டிருப்பவரை எழுப்பி அனுப்பிவிட்டு, பெயர் தெரியாத நான்கு பேரை வரிசையாக இறக்குகிறார்கள். மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு மேஜையில் இன்னொரு எரிச்சல் காத்திருக்கும். "பிட்சர் என்ன பெரிய ஆள்? ஐந்து நாளைக்கு ஒரு தடவை ஆடுகிறார். நல்ல ஹிட்டர் தினமும் ஆடுகிறார். யார் முக்கியம் என்று நீயே சொல்." பத்து வருடமாக இதே கேள்வி. பத்து வருடமாக நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஐந்து நாளைக்கு ஒரு தடவை என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு தடவை அவர் எத்தனை பேரை எதிர்கொள்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஹிட்டருக்கு ஒரு ஆட்டத்தில் நான்கு வாய்ப்பு வரும், சில நாள் ஐந்து. 162 ஆட்டத்தில் ஒன்றுவிடாமல் ஆடினாலும் வருடத்துக்கு 700 வாய்ப்புதான். முழு வேலை செய்யும் ஒரு ஸ்டார்டிங் பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர், ஆட்டத்துக்கு 25, 26 பேர் வீதம் 32 ஆட்டம் வீசினால் 800 பேருக்கு மேல் சந்திக்கிறார். ஹிட்டர் ஃபீல்டிங்கும் செய்கிறாரே என்பார்கள். செய்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பக்கம் பந்து வருவது ஒரு நாளைக்குச் சில தடவைதான். பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பாமல் இந்த ஆட்டத்தில் எதுவுமே நடக்காது.

இந்த எளிய கணக்குகூடத் தெரியாமல்தான் 1999-ல் பெட்ரோ மார்ட்டினெஸுக்கு அநியாயம் செய்தார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக அந்த வருடம் 23 வெற்றி, 4 தோல்வி, 313 ஸ்ட்ரைக் அவுட். இஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன், 2.07. ஸ்டீராய்டு புகுந்து எல்லோரும் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மேஜர் லீகின் இரண்டு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மொத்தச் சராசரியே ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் 2.07! எம்விபி விருது, அதாவது மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான விருது, அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். முதலிடத்துக்கான ஓட்டு அவருக்குத்தான் அதிகம் விழுந்தது. ஆனால் இரண்டு பத்திரிகையாளர்கள் தங்கள் பட்டியலில் இருந்த பத்து இடத்தில் ஒன்றில்கூட அவர் பெயரை எழுதவில்லை. விருது ஹிட்டரான இவான் ரோட்ரிகெஸுக்குப் போனது. பெட்ரோ அந்த வருடம் எண்ணூறுக்கும் மேற்பட்ட பேட்டர்களைச் சந்தித்தார். ரோட்ரிகெஸ் மட்டையோடு நின்றது அறுநூற்றுச் சொச்சம் முறை. இதில் யார் தினமும் உழைத்தவர், யார் எப்போதாவது வந்தவர்?

யார் பலசாலி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். யாருடைய கையைக் கட்டினார்கள் என்று பார்ப்பேன். 1968-ல் செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் 34 ஆட்டம் வீசி 28-ஐத் தானே முழுதாக முடித்தார். இஆர்ஏ 1.12. 13 ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடையாது. டெட்ராய்டின் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டம் ஜெயித்தார். அமெரிக்கன் லீகில் பேட்டிங் பட்டம் வாங்கிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே .301தான். அடுத்த வருடமே என்ன செய்தார்கள்? பிட்சர் நின்று வீசும் மண்மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள். பேட்டர் அடிக்காமல் விட்டாலும் பந்து ஸ்ட்ரைக் என்று கணக்காகும் இடமான ஸ்ட்ரைக் ஸோனைச் சுருக்கினார்கள். 1973-ல் அமெரிக்கன் லீகில் பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். 2022-ல் அதை இரண்டு லீகுக்கும் ஆக்கினார்கள். 2023-ல் ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிப்பதற்கும் தடை. 1963-ல் ஒரு தடவை பிட்சருக்குச் சாதகமாக ஸ்ட்ரைக் ஸோனைப் பெரிதாக்கினார்கள். ஐந்தே வருடத்தில் கிப்சன் வந்து நின்றார், உடனே பயந்து பின்வாங்கிவிட்டார்கள். இத்தனை சலுகைக்குப் பிறகும் 2024-ல் மேஜர் லீகின் மொத்த பேட்டிங் சராசரி .243. நூறு தடவை நின்றால் 24 ஹிட்.

மைக் ட்ரவுட்டைச் சொல்வார்கள். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். மூன்று எம்விபி வாங்கிய மனிதர். அவருடைய ஏஞ்சல்ஸ் அணியோடு, சீசன் முடிந்து சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் அவர் ஆடியது 2014-ல் மூன்றே மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. ஒன்பது பேரில் ஒருவராக வரிசையில் நின்று காத்திருக்கும் ஹிட்டரால் அவ்வளவுதான் செய்ய முடியும். அது அவர் குற்றமில்லை.

உடனே ஜேக்கப் டிகிராமைத் திருப்பி என் மேலேயே வீசுவார்கள். 2018-ல் நியூயார்க் மெட்ஸுக்காக 217 இன்னிங்ஸ், 269 ஸ்ட்ரைக் அவுட், இஆர்ஏ 1.70, ஆனாலும் 10 வெற்றி, 9 தோல்வி. "பார்த்தாயா, ஹிட்டர் இல்லாவிட்டால் பிட்சர் பூஜ்ஜியம்." இதைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த மனிதர் தொடர்ந்து 29 ஆட்டத்தில் மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்கவில்லை. இதற்கு மேல் அவர் என்னதான் செய்ய வேண்டும்? ராத்திரிக்கு ராத்திரி இரண்டு ரன், மூன்று ரன் எடுக்க முடியாமல் போனது யார்? ஹிட்டர்கள் செய்த பிழையை ஹிட்டர்களின் பெருமைக்குச் சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள்!

இப்போது சனிக்கிழமைக்கே வருகிறேன். ஏனென்றால் சாப்பாட்டு மேஜை வாதமும் மேனேஜர் கை நீட்டுவதும் ஒரே வியாதிதான். கிப்சன் ஒருவரே முடித்தது 28 ஆட்டம். 2022-லிருந்து பாருங்கள், முப்பது அணிகளின் அத்தனை பிட்சர்களும் சேர்ந்து ஒரு சீசனில் முழுதாக முடித்த ஆட்டம் நாற்பதைத் தொட்டதில்லை. பிட்சரை ஐந்து இன்னிங்ஸோடு நிறுத்தினால் அவர் சந்திக்கும் பேட்டர்கள் வருடத்துக்கு அறுநூற்றுச் சொச்சமாகத்தான் இருப்பார்கள். முதலில் அவர் வேலையைப் பறிக்கிறார்கள். அப்புறம் "ஹிட்டர் அளவுக்கு இவர் வேலை செய்வதில்லை" என்கிறார்கள்.

2020 அக்டோபர் 27 ராத்திரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டெக்சாஸின் ஆர்லிங்டனில், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே 1-0 முன்னிலை. பிளேக் ஸ்னெல் வீசுகிறார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேர் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர். மூவரும் ஆளுக்கு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் ஸ்ட்ரைக் அவுட். ஆறுக்கு ஆறு. மொத்தம் 73 பந்து, ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்தபின் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சாதாரண சிங்கிள் அடிக்கிறார். மேனேஜர் கெவின் கேஷ் வெளியே வருகிறார். அவர் படியேறும்போதே ஸ்னெலுக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நிக் ஆண்டர்சன் வந்தார், பெட்ஸ் டபுள் அடித்தார், கொஞ்ச நேரத்தில் 2-1. டாட்ஜர்ஸ் 3-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ஸ்னெல் போனதில் தனக்குச் சந்தோஷம்தான் என்று ஆட்டம் முடிந்ததும் பெட்ஸே வாய்விட்டுச் சொன்னார். எதிரணி எதைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறதோ அதையா நீங்கள் வியூகம் என்று செய்வீர்கள்?

அதற்கு முந்தைய வருடமும் இதேதான். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஹூஸ்டன் 2-0 முன்னிலை. ஸாக் கிரெய்ன்கி ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னும் ஒரு வாக்கும் கொடுத்ததும், 80 பந்திலேயே வெளியே. வில் ஹாரிஸ் வீசிய பந்தை ஹவி கென்ட்ரிக் வலது பக்கக் கம்பத்தில் ஹோம் ரன்னாக அடித்தார். வாஷிங்டன் சாம்பியன்.

மூன்றாவது முறை வரும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்ற கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. கணக்கு சரிதான். ஆனால் அது எல்லாப் பிட்சர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. அன்றைக்கு அந்த மேட்டில் நின்றவர் சராசரி ஆள் இல்லை. 2003-ஐ மறந்துவிட்டாயா, ரெட் சாக்ஸ் மேனேஜர் கிரேடி லிட்டில் பெட்ரோவை எட்டாவது இன்னிங்ஸிலும் விட்டுவைத்துத்தானே யாங்கீஸிடம் தோற்றார் என்று கேட்பார்கள். மறக்கவில்லை. பெட்ரோ அன்றைக்கு நூறு பந்தைத் தாண்டிக் களைத்திருந்தார், அது மேனேஜரின் தப்புதான். களைத்தவரை எடுங்கள், யார் வேண்டாம் என்றது? 71 பந்தில் என்ன களைப்பு?

கையைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று இன்னொரு சமாதானம். காப்பாற்றியிருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். முழங்கை ஆபரேஷன் குறைந்ததா? ஐந்து இன்னிங்ஸ்தான் என்று தெரிந்த பையன் ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசுகிறான். வேகத்துக்கும் முழுப்பலத்துக்கும் துரத்துவதுதான் காயங்களுக்குப் பெரிய காரணம் என்று 2024 டிசம்பரில் மேஜர் லீகே தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறது. டிகிராமுக்கு இரண்டு முறை முழங்கையைக் கீறினார்கள். பந்தை எண்ணுவதால் கை பிழைக்கவில்லை. 2022 ஏப்ரலில் மினசோட்டாவில் கிளேட்டன் கெர்ஷா 80 பந்தில் ஏழு இன்னிங்ஸ் பெர்ஃபெக்டாக, ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் வீசி, 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியபோதும் வெளியே எடுத்தார்கள். அது சரியான முடிவு என்று கெர்ஷாவே சொன்னார். சொல்லட்டும், எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன நவம்பர் 1-ஆம் தேதி டொராண்டோவில் ஏழாவது ஆட்டம் நடந்தது. 2025 உலகத் தொடர். டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ இரண்டாவது ஆட்டத்தை முழுதாகத் தானே வீசி முடித்திருந்தார். ஏழாவதுக்கு முந்தின நாள்தான் ஆறாவதில் 96 பந்து வீசி ஜெயித்திருந்தார். எந்தக் கணக்குப்படியும் அவர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய ஆள். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4, புளூ ஜேஸின் இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது அவரைக் கூப்பிட்டார்கள். வந்ததும் ஒருவரைப் பந்தால் அடித்து பேஸ் மூன்றும் நிறைந்துவிட்டது. நானும் மகளும் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டோம். அதிலிருந்து மீண்டு, பத்தாவதையும் வீசி, 5-4 ஆன பிறகு பதினோராவதிலும் ஓட்டக்காரர் மூன்றாவது பேஸ்வரை வந்த பிறகு, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆகும் டபுள் பிளேயில் ஆட்டத்தை முடித்தார். ஒரே தொடரில் மூன்று வெற்றி. அதே தொடரில் ஒஹ்தானி இருந்தார், ஃப்ரீமேன் இருந்தார், எதிர்ப்பக்கம் குரேரோ இருந்தார். எம்விபி யமமோட்டோ.

அன்றைக்கு மகள் எழுதிய அட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கடைசிக் கட்டம்வரை நிரம்பியிருக்கிறது, இரண்டு இடத்தில் பென்சில் அழுத்திக் காகிதமே கிழிந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஆள் மறுபடி வீசுகிறார். மேனேஜர் ஐயா, அவர் நன்றாக வீசினால் எட்டாவது இன்னிங்ஸ்வரைக்குமாவது அந்தப் பந்தை அவர் கையிலேயே விட்டுவையுங்கள்.