கடல் உயிர்களை எண்ணி முடித்துவிட்டார்களாமே?

“10 வருஷம் எண்ணினார்கள், கடலில் இருக்கிற உயிரினங்கள் மொத்தமும் பட்டியலில் வந்தாச்சு, இனி புதுசா எதுவும் இல்லை” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

2000 முதல் 2010 வரை கடல்வாழ் உயிரினக் கணக்கெடுப்பு நடந்தது நிஜம்தான். 80க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 2,700 விஞ்ஞானிகள். ஆனால் முடிந்தது திட்டம், எண்ணிக்கை அல்ல. புதிய இனமாக இருக்கலாம் என்று 6,000க்கும் மேல் குறித்துவைத்தார்கள், அப்போதைக்கு முறையாக விவரித்துப் பெயர் வைக்க முடிந்தது சுமார் 1,200க்குத்தான். 2005இல் ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே, 2,200 மீட்டர் ஆழத்தில் சிக்கிய யெட்டி நண்டைப் பாருங்கள்: கையெல்லாம் கம்பளி மாதிரி முடி, உயிரின வகைப்பாட்டில் அதற்குப் புதுக் குடும்பமே உருவாக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு கூத்து, பழைய பெயர்களே குழப்பம். ஒரே ஒரு சின்ன கடல் நத்தைக்கு 113 பெயர்! 2015இல் உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் இருந்த 4,19,000 பெயர்களைச் சலித்தபோது கிட்டத்தட்ட 1,90,000 இரட்டைப் பதிவு. மிஞ்சியது சுமார் 2,28,000. இன்னும் பெயரிடாதவற்றையும் சேர்த்தால் மொத்தம் 7 லட்சம் என்று ஒரு மதிப்பீடு, 22 லட்சம் என்று இன்னொன்று. பாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்கள் இதில் சேர்த்தியே இல்லை.