ஜப்பானில் நின்று 'கிழக்குக் கடல்' என்று பாடிய பிள்ளைகள்

மூன்று நாளாக ஒரே வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் மேல்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் இறுதிப் போட்டி. மைதானம் திறந்து அது நூறாவது வருடம். ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை போய், கியோத்தோ சர்வதேசப் பள்ளி 2-1 என்று ஜெயித்தது. ஜப்பானில் தங்கிவிட்ட கொரியர்கள் தொடங்கிய பள்ளி அது, அப்போது சுமார் 160 பேர் மட்டுமே படித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த பள்ளியின் பாட்டை மைதானத்தில் போடுவார்கள், பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவார்கள், நாடே நேரலையில் பார்க்கும். அன்றைக்கு ஒலித்த பள்ளிப் பாட்டு முழுக்கக் கொரிய மொழியில் இருந்தது.

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் ஆன்லைனில் கூடி கொரியன் படிக்கிறோம். எல்லோருமே கே-டிராமா, அதாவது கொரியத் தொடர்கள், பார்த்து வந்தவர்கள்தான். வாரம் ஒரு செய்தியை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் பிரிப்போம். நேற்று இந்தச் செய்தியை எடுத்தோம். பாட்டின் முதல் சொல்லிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

'தோங்ஹே.' தோங் என்றால் கிழக்கு, ஹே என்றால் கடல். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் இருக்கிற கடலுக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர். ஜப்பானியர்களுக்கு அது ஜப்பான் கடல். பெயர் விஷயத்தில் இரண்டு நாடுகளுக்கும் பல வருடச் சண்டை. ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியும் அடியில் ஓடிய மொழிபெயர்ப்பில் அதைக் கடலின் பெயராகப் போடாமல், 'கிழக்கே இருக்கிற கடல்' என்று பொதுவாகப் போட்டது.

ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். ஜப்பானில் நிற்பவருக்கு அந்தக் கடல் கிழக்கே கிடையாது, மேற்கே இருக்கிறது. கொரியக் கரையில் நின்றால்தான் அது கிழக்கு. ஊரைவிட்டு வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த பாட்டில் திசையை மட்டும் மாற்றவே இல்லை. எனக்கு இது புரிந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

1945-ல் போர் முடிந்தபோது ஜப்பானில் சுமார் 20 லட்சம் கொரியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்ப, ஆறு லட்சம் பேர் வரை தங்கிவிட்டார்கள். அவர்களைத்தான் 'சைனிச்சி' என்கிறார்கள். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து கொரிய மொழியை ஒதுக்கி, 1940-லிருந்து ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி நெருக்கியிருந்தார்கள். அதனால் விடுதலை கிடைத்ததும் இவர்கள் முதல் வேலையாகக் கிடைத்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தாய்மொழி சொல்லிக்கொடுத்தார்கள். கியோத்தோ பள்ளியும் 1947-ல் அப்படித் தொடங்கியதுதான். மறு வருடமே கொரியப் பள்ளிகளை மூட உத்தரவு வந்தது. ஏப்ரலில் கோபேயிலும் ஒசாகாவிலும் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். ஒசாகாவில் போலீஸ் சுட்டதில் கிம் தே இல் என்ற 16 வயதுப் பையன் இறந்துபோனான். எழுத்துச் சொல்லித்தர ஒரு வகுப்பறை வேண்டும் என்று கேட்டதற்கு!

இதெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியவில்லை. ஜெயித்த அன்றே இணையத்தில் அந்தப் பிள்ளைகள் மேல் வெறுப்பைக் கொட்டினார்கள். கியோத்தோ மாகாண ஆளுநரே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியப் பிள்ளைகள். 2004-லிருந்து அது ஜப்பானியக் கல்விச் சட்டப்படி நடக்கிற பள்ளி. 1999-ல் பேஸ்பால் அணி தொடங்கி, முதல் ஆட்டத்தில் 0-34 என்று தோற்றவர்கள். அன்று எதிரணியில் ஆடிய கோமாகி நோரிட்சுகுதான் இன்று இவர்களுடைய பயிற்சியாளர். ஒரு சமூகம் தன் மொழியைக் காப்பாற்றக் கட்டிய பள்ளியின் வாசலுக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து அதே பாட்டைப் பாடுகிறான். மொழியால் ஒரு சமூகம் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நம்மில் பலரும் கொரியனில் 'ஒம்மா' (அம்மா), 'அப்பா' என்று கேட்டதும் பரவசப்பட்டு, கொரியனும் தமிழும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதுகிறோம். மொழியியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. சொந்தம் கொண்டாடாமலும் ஒரு மொழியை நேசிக்கலாம். 'உரிமால்' என்று ஒரு சொல் இருக்கிறது. நம்ம மொழி என்று அர்த்தம். டிராமாவில் சும்மா கடந்துபோகிற சொல், ஒசாகாவில் ஒரு பாட்டி சொன்னால் எவ்வளவு கனமாக இருக்கும்! கொரிய மொழித் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற ஆயிரம் சொற்களோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு 1948 பற்றிய ஒரு கொரியச் செய்திக் கட்டுரை எடுக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.